“அந்த ஒரு கேள்வியை விட்டுட்டு எல்லாத்தையும் கேளுங்க!” - ஸ்கேன் அறையில் என் அக்கா

மதுரையில் எந்த ஸ்கேன் சென்டருக்குள் நுழைந்தாலும், டோக்கன் வாங்கும் முன்பே ஒரு போர்டு கண்ணில் படும். கருவில் இருப்பது ஆணா, பெண்ணா என்பதை இங்கே சொல்வதில்லை, சொல்வது சட்டப்படி குற்றம் என்று எழுதியிருக்கும். கோரிப்பாளையத்தில் ராஜாஜி அரசு மருத்துவமனையைச் சுற்றியுள்ள சென்டர்களிலும் அது இருக்கிறது. மேலூர், திருமங்கலம், வாடிப்பட்டி என்று எந்தப் பக்கம் போனாலும் இருக்கிறது. பார்த்துப் பார்த்துப் பழகி, யாரும் இப்போது அதைப் படிப்பதுகூட இல்லை.

அப்படியொரு போர்டுக்குக் கீழேதான் என் அக்கா வேலை பார்க்கிறாள். மதுரையைச் சுற்றியிருக்கும் ஓர் அரசு மருத்துவமனை. ‘ஊர்ப் பேரைப் போட்டுறாதடீ’ என்பது அவள் போட்ட ஒரே கண்டிஷன். ரேடியாலஜி டிப்ளமோ முடித்தவள். சில நாள்கள் எக்ஸ்ரே, சில நாள்கள் ஸ்கேன் ரூம். வருகிறவர்களுக்கு அவள் ‘சிஸ்டர்’ அல்லது ‘ஸ்கேன் அக்கா’. வயதானவர்களுக்கு ‘ஏத்தா’.

சாப்பாடு கொண்டு போக, கூட்டி வர என்று அந்த வராந்தா பெஞ்சில் நான் பல நாள்கள் உட்கார்ந்திருக்கிறேன். அறைக்குள் போக எனக்கு அனுமதி கிடையாது. ஆகவே, உள்ளே நடப்பதாக நான் எழுதுவது அக்கா பெயர் சொல்லாமல் சொன்னது. வெளியே நடப்பது நான் பார்த்தது.

ஸ்கேன் அக்கா என்ன செய்வாள்?

அமெரிக்காவில் ‘சோனோகிராஃபர்’ என்று தனி வேலையே உண்டு. அவர்கள்தான் ஸ்கேன் எடுப்பார்கள், மருத்துவர் பிறகு படங்களைப் பார்த்து ரிப்போர்ட் கொடுப்பார். நம் ஊரில் கர்ப்பிணிகளுக்கு அப்படி இல்லை. சட்டத்தில் சொல்லியிருக்கும் தகுதியும் பதிவும் உள்ள மருத்துவர்தான் கருவியைக் கையில் எடுக்கலாம். அக்கா எடுக்கக் கூடாது.

அப்படியென்றால் அவளுக்கு என்ன வேலை? பெயர் கூப்பிடுவது, படுக்க வைப்பது, சேலையை ஒதுக்கிவிடுவது, ஜெல் தடவுவது, டாக்டர் சொல்லும் அளவுகளை டைப் செய்வது, புரோபைத் துடைத்து வைப்பது, அடுத்தவரைக் கூப்பிடுவது. செவ்வாய்க்கிழமைகளில் ஆரம்ப சுகாதார நிலையங்களில் கர்ப்பிணிகளுக்கான பரிசோதனை நடக்கும். அங்கிருந்து எழுதிக்கொடுத்து அனுப்பப்படுபவர்கள் புதன், வியாழனில் வந்து குவிவார்கள். சில நாள்களில் 50 பேரைத் தாண்டும்.

வந்து குவிபவர்களில் பாதிப் பேர் தண்ணீர் பாட்டிலோடு நிற்பார்கள். கர்ப்பத்தின் ஆரம்ப மாதங்களில் சிறுநீர்ப்பை நிரம்பியிருந்தால் அது குடலை ஒதுக்கிவிடும், கருப்பை தெளிவாகத் தெரியும். அதற்காகத் தண்ணீர் குடித்துவிட்டு, அடக்கிக்கொண்டு, டோக்கன் நம்பரை எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருப்பது எவ்வளவு பெரிய பாடு என்று உட்கார்ந்தவர்களுக்குத்தான் தெரியும். “இன்னும் எத்தனை பேருக்கா?” என்பதுதான் அக்கா ஒரு நாளில் அதிகம் கேட்கும் கேள்வி.

இரண்டாவதாக அதிகம் கேட்பது, “கரண்டு அடிக்குமா? பிள்ளைக்கு ஒண்ணும் ஆகாதுல்ல?” ஆகாது. எக்ஸ்ரேயில் வருவது போன்ற கதிர்வீச்சு இதில் இல்லை. இது வெறும் சத்தம். விநாடிக்கு 20,000 அதிர்வுகளுக்கு மேல் போனால் மனிதக் காதுக்குக் கேட்காது. வயிற்றில் வைக்கும் புரோப் அனுப்புவது விநாடிக்கு 20 லட்சம் முதல் 50 லட்சம் அதிர்வுகள். அது உள்ளே போய் எதிரொலித்துத் திரும்புவதைத்தான் கம்ப்யூட்டர் படமாக்குகிறது. தோலுக்கும் புரோபுக்கும் நடுவில் காற்று இருந்தால் சத்தம் உள்ளே போகாது. அதற்குத்தான் அந்தச் சில்லென்ற ஜெல்.

இந்த முறையை மகப்பேறு மருத்துவத்துக்குக் கொண்டுவந்தவர் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரத்து டாக்டர் இயன் டொனால்ட். பாய்லர் தொழிற்சாலையில் இரும்பில் விரிசல் இருக்கிறதா என்று பார்க்க வைத்திருந்த கருவியில், 1955-ல் ஆபரேஷனில் எடுத்த கட்டிகளை வைத்துப் பார்த்தார். 1958-ல் அவரும் அவருடன் சேர்ந்தவர்களும் எழுதிய கட்டுரை ‘லான்செட்’ இதழில் வெளிவந்தது. பெண்களின் உயிரைக் காப்பாற்ற வந்த கருவி அது. பின்னாளில் அதை வைத்தே பெண் சிசுக்களைக் கருவிலேயே தேடிப்பிடிப்பார்கள் என்று அன்றைக்கு யாரும் நினைத்திருக்க மாட்டார்கள்.

‘பெண் - 2’

அக்காவின் வேலையில் கஷ்டமானது ஜெல்லோ, கூட்டமோ இல்லை. ‘ஃபார்ம் எஃப்’ என்ற படிவம். ஒவ்வொரு கர்ப்பிணிக்கும் அதை நிரப்ப வேண்டும். பெயர், வயது, கணவர் பெயர், முகவரி, அனுப்பிய மருத்துவர், எத்தனை வாரம், எதற்காக ஸ்கேன் என்று கட்டம் கட்டமாக இருக்கும். குழந்தையின் பாலினத்தை அறிய விரும்பவில்லை என்று அந்தப் பெண் கையெழுத்தோ கைநாட்டோ வைக்க வேண்டும். பாலினத்தைப் பார்க்கவும் இல்லை, யாருக்கும் சொல்லவும் இல்லை என்று டாக்டர் கையெழுத்துப் போட வேண்டும். மாதம் முடிந்ததும் அறிக்கை மாவட்ட அதிகாரிக்குப் போக வேண்டும். ஒரு கட்டத்தைத் தவறாகவோ அரைகுறையாகவோ நிரப்பினாலும் அது சட்டமீறல் கணக்கில் சேரும். அதையெல்லாம் வெறும் எழுத்துப்பிழை என்று தள்ளிவிட முடியாது என 2019-ல் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. ஸ்கேன் ரூமில் இருப்பவர்கள் சிடுசிடுப்பதற்கு இந்தப் பயமும் ஒரு காரணம்.

அந்தப் படிவத்தில், ஏற்கெனவே இருக்கும் குழந்தைகள் எத்தனை, ஆணா பெண்ணா என்றும் ஒரு கட்டம் உண்டு.

“அதுல ‘பெண் - 2’னு எழுதும்போது மட்டும் கை கொஞ்சம் நிக்கும்டீ. அது நம்ம வீடுல்ல” என்றாள் அக்கா ஒருநாள்.

நான் வீட்டில் மூன்றாவது பெண். எங்கள் ஊர் உசிலம்பட்டி பக்கம். மதுரைக்கு மேற்கே சுமார் 40 கிலோமீட்டர். காலேஜில் சேர்ந்த முதல் நாள், ‘எந்த ஊர்?’ என்று கேட்டவர்களிடம் சொன்னதும் அவர்கள் முகத்தில் ஒரு கணம் ஏதோ ஓடியது இன்னும் நினைவிருக்கிறது. 1986-ல் ‘இந்தியா டுடே’ எங்கள் பகுதியில் நடந்த பெண் சிசுக்கொலைகளைப் பற்றி எழுதியது. 1992-ல் சேலத்தில் தொட்டில் குழந்தைத் திட்டம் வந்தது. 1994-ல் ‘கருத்தம்மா’ படம் வந்தது. அதற்குப் பிறகு எங்கள் ஊர்ப் பெயரைச் சொன்னாலே எருக்கம்பாலும் நெல்மணியும்தான் எல்லோருக்கும் ஞாபகம் வரும்.

நான் பிறந்தபோது, ‘இதுவும் பிள்ளதானா’ என்று கேட்டுவிட்டு அப்பத்தா ஆஸ்பத்திரி வாசலிலிருந்தே பஸ் ஏறிப் போய்விட்டாராம். எட்டாம் நாள் அவரே சேவல் ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தாராம், பிள்ளை பெற்றவளுக்கு அடித்துக்கொடுக்க. இரண்டையும் அம்மா ஒரே மூச்சில்தான் சொல்வார். என்னைச் சுமந்த பத்து மாதமும் அம்மா ஒரு ஸ்கேன்கூட எடுத்ததில்லை. “எடுத்திருந்தா?” என்று சின்ன வயதில் கேட்டிருக்கிறேன். “சும்மா கெட” என்பார்.

அதனால் அந்தப் போர்டை நான் வேறு மாதிரிதான் பார்ப்பேன். அந்தச் சட்டம் 1994-ல் நிறைவேறி, 1996 ஜனவரி 1 முதல் அமலுக்கு வந்தது. 2003-ல் இன்னும் கடுமையாக்கப்பட்டது. பாலினத்தை வார்த்தையாலோ, சைகையாலோ, வேறு எந்த விதத்திலோ தெரியப்படுத்தக் கூடாது என்கிறது. முதல் தடவை பிடிபட்டால் 3 ஆண்டுகள் வரை சிறை. கேட்டு வரும் கணவருக்கும் உறவினர்களுக்கும் தண்டனை உண்டு. கட்டாயப்படுத்தி அழைத்து வரப்பட்ட பெண்ணுக்குச் சட்டம் விலக்கு தருகிறது.

பலன் இருக்கிறதா? ஆறு வயது வரையிலான குழந்தைகளில், ஆயிரம் ஆண் குழந்தைகளுக்கு எத்தனை பெண் குழந்தைகள் என்று சென்சஸில் ஒரு கணக்கு எடுப்பார்கள். இந்திய அளவில் அது 1991-ல் 945, 2001-ல் 927, 2011-ல் 918 என்று இறங்கிக்கொண்டே போனது. தமிழ்நாட்டில் 948, 942, 943. இறக்கம் நின்றது என்று சொல்லலாம், ஏறிவிட்டது என்று சொல்ல முடியாது.

கேள்வியும் நிற்கவில்லை. டிஜிட்டல் டெஸ்க்கில் வேலை பார்க்கும் எனக்கு அது தெரியும். ‘வயிற்றில் ஆண் குழந்தை அறிகுறிகள்’ என்ற தேடல் அலுக்காமல் வந்துகொண்டே இருக்கும். பாலினம் கண்டறிவது தொடர்பான விளம்பரங்களை கூகுள், யாகூ, மைக்ரோசாஃப்ட் தளங்களில் காட்டக் கூடாது என்று டாக்டர் சாபு மேத்யூ ஜார்ஜ் தொடர்ந்த வழக்கில் உச்ச நீதிமன்றம் தலையிட வேண்டியிருந்தது. 2024 மே மாதம், பிரபல தமிழ் யூடியூபர் ஒருவர் துபாயில் ஸ்கேன் எடுத்து, பிறக்கப்போகும் குழந்தையின் பாலினத்தை வீடியோவில் அறிவிக்க, தமிழக சுகாதாரத்துறை நோட்டீஸ் அனுப்பியதும் வீடியோ நீக்கப்பட்டதும் உங்களுக்கு நினைவிருக்கும். அப்போது கமென்ட்டில் பலர், ‘சந்தோஷத்தைச் சொன்னா என்ன தப்பு?’ என்று கேட்டிருந்தார்கள். மூன்றாவது பெண்ணாகப் பிறந்தவர்களிடம் கேட்டுப் பாருங்கள், சொல்வார்கள்.

மற்றதையும் ஏன் சொல்வதில்லை?

இதுவரை சட்டத்தின் பக்கம்தான் பேசினேன். வராந்தாவில் உட்கார்ந்திருந்தபோது எனக்கு இன்னொன்றும் புரிந்தது. சட்டம் பூட்டு போட்டது ஒரே ஒரு வார்த்தைக்கு. ஆனால், பல இடங்களில் அந்த அறையே வாயை மூடிக்கொண்டுவிட்டது.

செல்லம்பட்டி பக்கத்திலிருந்து வந்த ஒரு பெண்ணை மறக்க முடியாது. என்னைவிடச் சின்னவள். ஐந்தாம் மாத ஸ்கேன். வெளியே வந்தவள் ரிப்போர்ட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். செக்யூரிட்டி அண்ணனிடம் காட்டினாள். அவர் கையை விரித்தார். கழுத்தில் ஐடி கார்டு தொங்கிய என்னிடம் வந்து, “அக்கா, இதுல என்ன போட்டிருக்குன்னு படிச்சுச் சொல்றீங்களா?” என்றாள். பக்கத்தில் நின்ற அவள் மாமியார், “நஞ்சு கீழ எறங்கிருச்சுன்னு உள்ள பேசிக்கிட்டாகளாம். பிள்ளை தங்காதாத்தா?” என்றார். இருவர் கண்ணிலும் தண்ணீர் முட்டிக்கொண்டிருந்தது.

நான் டாக்டர் இல்லை. இங்கிலீஷ் படிக்கத் தெரிவதும் ரிப்போர்ட் படிக்கத் தெரிவதும் ஒன்றல்ல. அக்காவைக் கூப்பிட்டேன். அவளும் விளக்கம் சொல்லவில்லை, அந்தப் பெண்ணைக் கையைப் பிடித்து மறுபடி உள்ளே கூட்டிப்போனாள். திரும்பி வரும்போது அந்தப் பெண்ணின் முகமே வேறாக இருந்தது. “இந்த மாசத்துல நஞ்சு கீழ இருக்கிறது நெறையப் பேருக்கு உண்டாம். கருப்பை வளர வளர பெரும்பாலும் மேல போயிருமாம். வெயிட் தூக்காம இருந்துட்டு, ரத்தம் பட்டா உடனே வரணுமாம். எட்டாம் மாசம் திரும்பப் பாப்பாகளாம்” என்றாள். டாக்டர் அதைச் சொல்ல ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது. அந்த ஒரு நிமிடம் இல்லாவிட்டால், அவர்கள் பஸ் ஏறி, ஊர் போய், அழுது, யாரோ சொன்ன நாட்டு மருந்தைத் தேடியிருப்பார்கள்.

டாக்டரைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை. நாள் முழுக்க ஒரே பக்கமாகத் திரும்பி, கையை நீட்டி அழுத்திக்கொண்டே இருந்ததில் தோள்பட்டை வலி வந்து, மதியத்துக்கு மேல் இடது கையால் வலது தோளைப் பிடித்துக்கொள்வாராம். உலகம் முழுக்க ஸ்கேன் எடுப்பவர்களுக்கு இருக்கும் தொழில் வலி அது. வெளியே இன்னும் முப்பது பேர் தண்ணீர் குடித்துவிட்டு நிற்கிறார்கள். பேச நேரம் எங்கே? நேரம் இல்லாதது ஒருபக்கம். ‘எதையாவது சொல்லப்போய் வேறு மாதிரி அர்த்தம் எடுத்துக்கொள்வார்களோ’ என்ற பயம் இன்னொரு பக்கம்.

அந்தப் பயம் வீண் இல்லை. நஞ்சு முன்பக்கம் என்றால் ஒன்று, பின்பக்கம் என்றால் இன்னொன்று என்று ஊரில் கணக்கு வைத்திருக்கிறார்கள். இதயத்துடிப்பு 140-க்கு மேல் போனால் பெண், குறைந்தால் ஆண் என்று அடித்துப் பேசுகிறார்கள். எதிலும் உண்மை இல்லை. கருவில் எந்தக் குழந்தையின் இதயமும் நிமிடத்துக்கு 110 முதல் 160 வரை துடிக்கும், அசைந்தால் ஏறும், தூங்கினால் இறங்கும். டாக்டர் சிரித்தால் ஆண், சிரிக்காவிட்டால் பெண் என்றுகூட ஒரு கணக்கு உண்டாம். “அதனாலேயே டாக்டர் யாருக்கும் சிரிக்கிறதில்லடீ” என்றாள் அக்கா. சிரிப்பாகத்தான் சொன்னாள்.

கை நிற்கும்போது

ஸ்கேன் ரூமில் சில நாள்கள் டாக்டரின் கை ஓரிடத்தில் நின்றுவிடும். புரோபை லேசாகத் திருப்புவார். அழுத்திப் பார்ப்பார். மானிட்டரைத் தன் பக்கம் இன்னும் கொஞ்சம் இழுத்துக்கொள்வார். படுத்திருப்பவளுக்கு ஒன்றும் தெரியாது. விட்டத்தைப் பார்த்துக்கொண்டிருப்பாள். அக்காவுக்குத் தெரிந்துவிடும், துடிப்பு இல்லை.

“அந்த நேரத்துல என் மூஞ்சியை எங்க வைக்கிறதுன்னுதான் தெரியாது” என்றாள். அவள் சொல்லக் கூடாது, சொல்லும் தகுதியும் அவளுக்கு இல்லை. சொல்ல வேண்டியது டாக்டர்தான். அதனால் அவள் தன்னால் முடிந்ததைச் செய்வாள். வழக்கமாகப் பஞ்சைக் கையில் கொடுத்து, ‘தொடைச்சுக்கங்க’ என்பவள், அன்றைக்கு ஜெல்லைத் தானே துடைத்துவிடுவாள். உட்கார வைத்து, சேலையைச் சரிசெய்துவிட்டு, “கூட யாரு வந்திருக்கா?” என்று கேட்பாள். கணவரோ, அம்மாவோ, அவரை உள்ளே கூட்டி வந்த பிறகுதான் டாக்டர் பேசுவார். அவர்கள் இருவருக்குள்ளும் பேசி வைத்துக்கொள்ளாத ஏற்பாடு அது. அந்தப் பெண் இறங்கும் வரை அடுத்த டோக்கனை அக்கா கூப்பிட மாட்டாள். வெளியே, ‘உள்ள என்னதான் பண்றாகளோ’ என்று சத்தம் கேட்கும். கேட்கட்டும் என்று விட்டுவிடுவாள்.

அடுத்து உள்ளே வருபவள் ஏழு மாதத்து வயிற்றோடு சிரித்துக்கொண்டே வருவாள். அவளைப் பார்த்து இவளும் சிரிக்க வேண்டும். இந்த வேலைக்கு எந்த டிப்ளமோவிலும் பாடம் இல்லை.

அக்கா கேட்கச் சொன்னவை

‘வாசிக்கிறவர்களுக்கு என்ன சொல்ல?’ என்று கேட்டேன். அவள் விரல் விட்டு எண்ணிச் சொன்னதை, டாக்டரிடம் சரிபார்த்து எழுதுகிறேன்.

ஸ்கேன்களுக்குக் காலம் உண்டு. 11 முதல் 13 வாரத்துக்குள் ஒன்று, 18 முதல் 20 வாரத்துக்குள் உறுப்புகளின் குறை பார்க்கும் ஸ்கேன், பிறகு வளர்ச்சி பார்ப்பவை. அம்மா வீட்டுக்குப் போயிருந்தேன், கோயில் திருவிழா என்று தள்ளிப்போடுவது அந்த ஐந்தாம் மாத ஸ்கேனைத்தான். பெரிய குறை தெரிந்தால் என்ன செய்யலாம் என்று முடிவெடுக்க நேரம் வேண்டும். அதைத் தள்ளிப்போடாதீர்கள். அரசு மருத்துவமனையில் கர்ப்பிணிகளுக்கு ஸ்கேன் இலவசம்.

ரிப்போர்ட்டில் உள்ள எழுத்துகள் மந்திரம் இல்லை. எஸ்.எல்.ஐ.யூ.ஜி. என்றால் கருப்பைக்குள் உயிரோடு ஒரு கரு. பி.பி.டி. தலையின் குறுக்களவு. எஃப்.எல். தொடை எலும்பின் நீளம். எஃப்.ஹெச்.ஆர். இதயத்துடிப்பு. ஏ.எஃப்.ஐ. பனிக்குட நீரின் அளவு. ஈ.டி.டி. உத்தேசப் பிரசவ தேதி. செஃபாலிக் என்றால் தலை கீழே, பிரீச் என்றால் பிட்டமோ காலோ கீழே. ஐந்தாறு மாதத்தில் பிரீச் என்று இருந்தால் பயப்பட வேண்டாம், குழந்தை திரும்ப இன்னும் நாள் இருக்கிறது.

கட்டிலிலிருந்து இறங்கும் முன் நான்கு கேள்விகள் கேளுங்கள். துடிப்பு நன்றாக இருக்கிறதா? வாரத்துக்கு ஏற்ற வளர்ச்சி இருக்கிறதா? தண்ணீரும் நஞ்சும் சரியாக இருக்கின்றனவா? அடுத்து எப்போது வர வேண்டும்? இவற்றைக் கேட்க எந்தச் சட்டமும் தடை சொல்லவில்லை. டாக்டர் அவசரத்தில் இருந்தால் வெளியே காத்திருந்தாவது கேட்டுவிட்டுப் போங்கள். மெடிக்கல் ஷாப் தம்பியிடமும் கூகுளிடமும் ரிப்போர்ட்டைக் காட்டாதீர்கள்.

கூட வரும் கணவன்மார்களுக்கும் ஒன்று சொன்னாள். வாசலில் நின்று டீ குடிக்காமல், கூப்பிட்டால் கேட்கும் தூரத்தில் உட்காருங்கள். உங்களை எதற்காகக் கூப்பிடுவார்கள் என்று முன்கூட்டியே யாருக்கும் தெரியாது.